அக்கராயன் முதலை

ஊரார் நன்றாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். சகலன் நன்றாக இருந்தால் தாங்க முடியாது. (இரண்டு மருமகன்மார் உள்ள வீட்டில் மூத்த மருமகனாக இருந்து பாருங்கள், தெரியும்.)

மனைவியின் தங்கையைக் கட்டிய யோகன் முரசுமோட்டையில் கிணறு வெட்டினான். தண்ணீருக்கு முன் சுண்ணாம்புக்கல் வந்தது. கல்லுக்குள் சிப்பியும் சங்கும். பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிப்பிக்கும் மிஸ் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு காலத்தில் அது கடல் என்றும், செத்த சிப்பிகள் அடியில் படிந்து, கோடி வருடமாக இறுகித்தான் அந்தக் கல் உண்டானது என்றும் சொல்லிவிட்டுப் போனார். கடலையே யோகன் வெட்டி எடுத்த மாதிரி, அடுத்த விருந்தில் மாமி அவனுக்கு இரண்டு முட்டை பொரித்துப் போட்டா. எனக்கு ஒன்று.

அந்த ஒன்றையும் நான் தொடவில்லை.

கொஞ்ச நாளில், அக்கராயனில் எங்கள் வளவில் தென்னம்பிள்ளைக்குக் கிடங்கு வெட்டும்போது மண்வெட்டி கல்லில் பட்டது. சாம்பல் நிறத்தில் பெரிய கல், மேலே முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். பார்த்தவுடன் விளங்கிவிட்டது: கல்லாகிப்போன முதலை. மனைவிக்கு நான் மூச்சுவிடவில்லை. (அவளுக்குச் சொன்னால் தங்கைக்குச் சொன்ன மாதிரி.)

ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸைக் கூப்பிட்டேன். மாமியையும் யோகனையும் கூப்பிடாமல் விடுவேனா? கல்லைக் கதிரையில் ஏற்றி, புதுப் படுக்கை விரிப்பால் மூடி, எல்லாரும் இருந்தபிறகு இழுத்தேன். மிஸ் கண்ணாடி வைத்துப் பார்த்தார், சுரண்டினார், பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினார். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியோடு மனைவி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, இது வீட்டுத்திட்டத்துக்கு வந்த சீமெந்தெல்லோ? மழைக்கு முதல் உள்ளுக்கை எடுத்து வையுங்கோ எண்டு தலைப்பாடா அடிச்சனான்."

நனைந்து இறுகிய சீமெந்து மூட்டையை அன்று வெட்கத்தில் மண்ணுக்குள் தாட்டுப்போட்டு மறந்ததும் நான்தான். சதுரங்கள் சீமெந்துப் பையின் நெசவுத் தடம்.

மிஸ் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "கல்லுத்தான் ஐயா. உங்கடை வீட்டின்ரை வயசு இருக்கும்."

மாமி சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினா. யோகன் மட்டும் சிரிக்கவில்லை. பெருந்தன்மையானவன் என்ற பெயரும் அவனுக்கே போயிற்று.

இப்போதும் மழை இருட்டினால் மாமி போனில் கோல் எடுப்பா. "தம்பி, முதலையளை உள்ளுக்கை எடுத்து வைச்சிட்டீங்களோ?" பின்னால் வீடு முழுக்கச் சிரிக்கும் சத்தம் கேட்கும்.

யோகனுக்கு மாமி கோல் எடுப்பதே இல்லையாம். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.