ஓல்போர்க்கில் கழன்ற கோட்டு

டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் உண்மையாகக் குளிர்ந்தது ஒரே ஒருவருக்குத்தான். மற்ற நாங்களெல்லாம் சும்மா நடித்தோம். அவரை நாங்கள் குடியிருந்த இக்காஸ்ட் என்ற ஊரில் எல்லோரும் ‘கோட்டர்’ என்போம், நேரில் மட்டும் அண்ணை.

முழங்காலுக்குக் கீழே தொங்கும் மண்ணிறக் கோட்டு. ஆடி மாதம் டெனிஸ்காரர் கட்டைக் காற்சட்டையோடு புல்லில் படுத்துக் கிடக்க, கோட்டர் கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவார். கலியாண வீட்டுப் படங்களில் பட்டுவேட்டிக்கு மேலே அந்தக் கோட்டுத்தான் நிற்கும். டொக்டர் அந்தக் கோட்டுக்கு மேலாகவே குழாயை வைத்து நெஞ்சைச் சோதித்தார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன். இத்தனைக்கும் அவரும் நானும் வேலைசெய்தது துணித் தொழிற்சாலையில், கோடைகாலச் சட்டைகளைப் பொதிசெய்யும் பகுதியில்.

இலங்கையில் போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த கோடையில் நடந்தது இது. கோட்டரின் ஒரே தங்கை வசந்தமலர் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தவள். உயிரோடு இருக்கிறாளா, இருந்தால் எந்த முகாமில் என்று ஒரு தகவலும் இல்லை. அவளுடைய பெயரையும் ஊரையும் பெரிதாக எழுதிய மட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் போகாத ஆர்ப்பாட்டம் கிடையாது. பத்திரிகையில் அந்தப் பெயரைக் கண்டு யாராவது தகவல் தருவார்கள் என்ற நம்பிக்கை, ஆனால் எங்களுடைய ஆர்ப்பாட்டங்களை யாரும் படம் பிடிப்பதில்லை. ஆகவே டெனிஸ்காரர் எதற்காகக் கூடினாலும் ஓரமாய்ப் போய் நின்றுகொள்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தை மூடுவதற்கு எதிராக நின்றோம். பன்றிப்பண்ணை நாற்றத்துக்கு எதிராகவும் நின்றோம்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் கோட்டர் வேகமாக வந்தார்.

"சனிக்கிழமை ஓல்போர்க்கிலை சைக்கிள் ஊர்வலமாம். கமராக்காரர் கனபேர் வருவினமாம்."

"என்னத்துக்கு எதிரா அண்ணை?"

"காருக்கு எதிராவாம். எங்கள் ரெண்டுபேரிட்டையும் கார் இல்லைத்தானே, வா."

எங்கள் சபைப் பாஸ்டரும் சேர்ந்துகொண்டார். சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். சதுக்கம் நிறையச் சனம். அநேகமாக ஒருவர் உடம்பிலும் துணி இல்லை. சிலர் தலைக்கவசம் மட்டும் போட்டிருந்தார்கள், பாதுகாப்பு விஷயத்தில் டெனிஸ்காரர் கவனமானவர்கள். காரோட்டிகள் சைக்கிள்காரரைக் காண்பதே இல்லை, இப்படி வந்தாலாவது காணட்டும் என்பது அவர்கள் நியாயம்.

பாஸ்டர் கண்ணை இறுக மூடினார். "திரும்பிப் போவம் அண்ணை" என்றேன் நான். கோட்டர் அங்கே நின்ற ஒரு பெண்ணிடம் விசாரித்துவிட்டு வந்தார்.

"கட்டாயமில்லையாம். விரும்பின ஆக்கள் கழட்டலாமாம்" என்று சொல்லி, மேல் பொத்தானையும் பூட்டினார்.

புறப்பட்டோம். சைக்கிள் மணிகள் அடித்தன, மாடிகளில் நின்றவர்கள் கைதட்டினார்கள், எல்லோர் முகத்திலும் திருவிழாக் களை. அம்மணமாய்ப் போகிறவர்களை யாரும் முறைத்துப் பார்க்கவில்லை. எங்கள் மூவரையும்தான் பார்த்தார்கள்.

"பாஸ்டர், கண்ணை மூடிக்கொண்டு ஓடாதேங்கோ, விழுந்துபோவியள்" என்றேன் நான்.

"ஜெபிக்கிறன் தம்பி."

"திறந்துகொண்டு ஜெபியுங்கோ. கடவுளுக்கு எல்லாம் தெரியும்தானே" என்றார் கோட்டர்.

பாலத்தடியில் மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு முன்னால் போன வெள்ளைமுடி அம்மா ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். உதடு நீலம் பாரித்து, நடுங்கிக்கொண்டு நின்றார். கோட்டர் இறங்கி, மட்டையை என்னிடம் தந்துவிட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவர் போடும் சட்டை நீல நிறம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோட்டை அந்த அம்மாவுக்குப் போர்த்திப் பூட்டிவிட்டு, தங்கையின் பெயரைத் திரும்பவும் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"என்னண்ணை செய்யிறியள்?"

"குளிர் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும் தம்பி" என்றார், பல் கிடுகிடுக்க.

அந்த நேரம் பார்த்து ஒரு கமராக்காரர் படம் பிடித்துவிட்டார். அடுத்தநாள் பத்திரிகையின் முதற்பக்கத்தில் அம்மா சிரித்தார், கோட்டர் நடுங்கினார், நடுவில் வசந்தமலரின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு ரண்டர்ஸ் நகரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் கோட்டரின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தார்.

"என்ரை மச்சாள் வவுனியா முகாமிலை இருக்கிறா. பக்கத்துக் கூடாரத்திலை இந்தப் பேரிலை ஒராள் இருக்கிறாவாம், கிளிநொச்சி ஆள்."

கோட்டு திரும்பி வரவில்லை. கோட்டர் அதைத் தேடவும் இல்லை. அந்த மச்சாள் மூலம் எண்ணைச் சொல்லி அனுப்பினோம்; அடுத்த கிழமை, பாஸ்டரும் நானும் கூட இருக்க, அவர் வீட்டில் தொலைபேசி அடித்தபோது, நீலச் சட்டையோடுதான் ஓடிப்போய் எடுத்தார். வெகுநேரம் இரண்டு பக்கமும் அழுகை. பாஸ்டரும் அழுதார், நானும் அழுதேன். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"அண்ணா, அங்கை சரியான குளிராமே?"

திறந்திருந்த யன்னலால் மழைக்காற்று நேரே அவர்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆர் சொன்னது? இஞ்சை ஒரு குளிரும் இல்லையடி தங்கச்சி" என்றார் கோட்டர்.

டென்மார்க்கில் நான் கேட்ட பொய்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சத்தம் போடாமல் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன்.