குதிரையேறிய கோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், மாப்பிள்ளையும் சுகம். பதறாதே. மாப்பிள்ளை என்பது குதிரையின் பெயர். நாலு பேர் கழுத்தைத் தடவிக் கெஞ்சினால்தான் ஓரடி எடுத்து வைக்கும் என்பதால் குதிரையேற்ற கிளப் பிள்ளைகள் அப்படி வைத்துவிட்டார்கள். அத்தானின் மூட்டுவலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் மருமகள் குதிரைமேல் இருக்கும் படத்தைக் கேட்டிருந்தாய். பக்கத்து வீடுகளில் சொல்லியும் வைத்துவிட்டாயாம். அக்கா, அப்படி ஒரு படம் இல்லை. கோபப்படாமல் மேலே படி.

அந்த கிளப்பில் குதிரை ஏறத்தான் சேர்த்தேன். அவர்களோ முதலில் அவள் கையில் மண்வாரியைக் கொடுத்து குதிரை லத்தி அள்ள விட்டார்கள். சண்டை போடப் போனேன். "நீங்க போங்கப்பா, இது எங்க வேலை" என்று என்னைத்தான் வெளியே அனுப்பினாள். பிறகு வழக்கப்படி ஒரு சின்னப் பிள்ளையை அவளிடம் ஒப்படைத்தார்கள். அங்கே பெரிய பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பிள்ளை பொறுப்பு. இவளுக்கு வாய்த்தவள் எட்டு வயதுக் குண்டூசி. உருவம் அப்படி, நாக்கும் அப்படி. அவளுக்குச் சேணம் கட்டவும் கயிற்றை விடாமல் பிடிக்கவும் விழுந்தால் எழவும் சொல்லிக் கொடுத்துக் கொடுத்து, வீட்டிலும் அதே பழக்கம். போன வாரம் ஊசி உடைந்து நான் தையல் கடையில் கத்தியபோது, பக்கவாட்டில் வந்து நின்று என் தோளைத் தடவி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். அது மாப்பிள்ளைக்குச் சொல்வது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கும் கோபம் இறங்கிவிட்டது.

ஆண்டு விழாவில் மாப்பிள்ளைமேல் ஏற அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். வயதான குதிரை, ஒருவரைத்தான் சுமக்கும். நீ அனுப்பிய கருநீலத் துணியில் கோட்டு தைத்தேன். தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. விழாவன்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். தூரத்தில் கோட்டு வந்தது. எழுந்து நின்று, "எம் பொண்ணு! எம் பொண்ணு!" என்று கத்தினேன். பக்கத்திலிருந்த அம்மாள், "ஏங்க, அது எங்க வீட்டுப் பொண்ணுங்க" என்றார். அப்போதுதான் பார்த்தேன். கைகளை மூன்று மடிப்பு மடித்துவிட்ட என் கோட்டுக்குள் குண்டூசி! நம் பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருகிறாள். தையற்காரன் புத்தி, துணியைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

ஆத்திரத்தோடு பயிற்சியாளரிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசுங்க உங்க பொண்ணுக்கு. தன்னோட வாய்ப்பையே சின்னவளுக்கு விட்டுக் கொடுத்துட்டா" என்றார். நம் வீட்டில் யாருக்கு அக்கா இந்த மனசு இருந்தது? உனக்கும் எனக்கும் ஒரு ஜன்னலோர இருக்கைக்கு நடந்த சண்டை ஊருக்கே தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தலைநிமிர்ந்து வாழட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "தப்புப்பா. நான் ஒண்ணும் விட்டுக் கொடுக்கல. கூட்டத்தப் பாத்ததும் காலெல்லாம் நடுங்கிடுச்சு, ஏறவே முடியல. குண்டூசிதான், 'அக்கா, கோட்டக் கழட்டுங்க, நான் போறேன். நீங்க கயித்த மட்டும் விடாதீங்க'ன்னா. நான் அவளுக்குச் சொல்றதையே எனக்குச் சொன்னா. இத எங்க குதிரை மாஸ்டர்கிட்டயும் நேத்தே சொல்லிட்டேன்" என்றாள். "அப்ப மேல எழுதினத அடிச்சிடவா?" என்றேன். "அடிக்காதீங்க. நடந்ததக் கீழ எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். பக்கத்து வீடுகளில் படித்துக் காட்டுவதாக இருந்தால், அக்கா, பின்குறிப்பிலிருந்தே ஆரம்பி.