ஸ்காட்லாந்து மருந்தும் பெரம்பலூர்ப் பத்தியமும்

என் நாக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதனால் வந்த வினை.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீத்தூள் கடை வைத்திருக்கிறேன். ஒரு சிட்டிகைத் தூளை நாக்கில் போட்டால் போதும். நீலகிரியா, அசாமா, போன வருஷத்துச் சரக்கா, எல்லாம் சொல்லிவிடுவேன். என்னைக் கேட்காமல் எந்த டீக்கடைக்காரரும் தூள் மாற்ற மாட்டார். சாமிதுரை நாக்கு என்றால் டவுனில் ஒரு மரியாதை.

வீட்டில்தான் அது செல்லுபடியாகவில்லை. என் மனைவி மலர்கொடி எதை வைத்தாலும் நான் ஒரு குறை சொல்வேன். ரசத்தில் பெருங்காயம் தூக்கல். குழம்பில் புளி பழசு. "நல்லாருக்கு" என்ற வார்த்தை கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வந்ததில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. தொழில்காரன் நாக்கு குறையைத்தான் முதலில் பார்க்கும். அவளும் சண்டை போட்டதில்லை. பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பேசாமல் போகிற பெண்பிள்ளையைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும்.

2004-ல் என் கூடப் படித்த வேணுகோபால் லீவில் வந்தான். ஸ்காட்லாந்தில் ஒரு ஓட்டலில் சமையல்காரன். கடைக்கு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, துண்டுக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பாட்டிலை எடுத்து வைத்தான்.

"பீருடா. நம்மூரு பீரு மாதிரி இல்ல. செம ஸ்ட்ராங்கு. வாயில வச்சா புகை வாசம் வரும்."

"பீருல எப்படிடா புகை?"

"பார்லியத் தீயில வாட்டுவாங்க. அந்தப் புகை அப்படியே உள்ள தங்கிடும். ஒன் நாக்குக்குன்னே சொமந்துகிட்டு வந்துருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நான் மெட்ராஸ் பஸ் ஏறுறேன். அதுக்குள்ள குடிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லு. அங்க மொதலாளிகிட்ட ஒன்னயப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்."

என் நாக்கின் புகழ் கடல் தாண்டிவிட்டது! அந்த நிமிஷமே முடிவெடுத்தேன். ஞாயிறு மத்தியானம், ஆட்டுக்கறி சுக்கா, பக்கத்தில் இந்தப் பாட்டில். உலகமே வந்து நின்றாலும் மாற்றமில்லை.

உலகம் வரவில்லை. மலர்கொடி வீட்டு வாசலிலேயே நின்றாள்.

"பையில என்னங்க?"

"மருந்து."

"யாருக்கு?"

"எனக்குத்தான். மூட்டுவலி. வேணு வெளிநாட்டுலேர்ந்து வாங்கியாந்தான்."

பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேபிளில் பாவாடை கட்டிய ஒரு ஆம்பளை குதித்துக்கொண்டே ஏதோ ஊதிக்கொண்டிருந்தான்.

"இது யாரு?"

"மூட்டு கொணமானவரு. சந்தோஷத்துல ஊதுறாரு."

"பாவாடை எதுக்கு?"

"மூட்டு தெரியணும்ல?"

நானே என்னை மெச்சிக்கொண்டேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக ஒன்று கேட்டாள்.

"பத்தியம் உண்டா?"

இங்கேதான் விழுந்தேன். "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தியம் இல்லாத மருந்தை எங்கள் பக்கத்தில் யார் மருந்தென்று நம்புவார்கள்? பொய்க்குக் கொஞ்சம் பலம் சேர்க்கலாமென்று, "பின்ன? கடுமையான பத்தியம்" என்றேன்.

பாட்டில் சாமி மாடத்துக்குப் போனது. விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், முருகனுக்குக் கீழே பாவாடைக்காரர் நின்றார். கும்பிடும்போதெல்லாம் அவரையும் சேர்த்தே கும்பிட வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை நல்ல நாளு. வெறும் வயித்துல குடிங்க. அதுவரைக்கும் உப்பு, புளி, காரம், கறி ஒண்ணும் கெடையாது" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அரிசிக் கஞ்சியும் சுட்ட அப்பளமும். அப்பளத்தையும் உப்பென்று பாதியில் நிறுத்திவிட்டாள். கடையில் தூளை ருசி பார்த்தால் எல்லாம் பஞ்சாமிர்தமாக இருந்தது. மூட்டு வலிக்கவில்லை. மனசு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. குளித்துவிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். மலர்கொடி பித்தளை டம்ளரில் கொண்டுவந்தாள்.

"பாட்டிலு எங்க?"

"கண்ணு பட்டுடும்னு உள்ளயே ஊத்திட்டேன். குடிங்க."

கறுப்பாக இருந்தது. மேலே நுரை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். புகை! அசல் புகை! ஒரு வாய் உறிஞ்சி நாக்கில் உருட்டினேன். ஒரு வாரம் பட்டினி கிடந்த நாக்கு துள்ளியது. முதலில் கருகல், அதன் பின்னால் மெதுவாக ஒரு இனிப்பு, தொண்டையில் ஒரு சுறுசுறுப்பு. கண்ணை மூடினேன். நான் பார்த்தேயிராத மலையெல்லாம் தெரிந்தது. மழை பெய்கிறது. குளிரில் யாரோ தீ மூட்டித் தானியம் வாட்டுகிறார்கள். எங்கோ இருக்கிற அந்த ஜனங்கள் பட்ட குளிர், பெரம்பலூரில் என் வாயில் சூடாக இறங்குகிறது. மனுஷன் எங்கே இருந்தாலும் அடுப்பு ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தலைகூட லேசாகச் சுற்றியது. எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சாயந்திரம் வேணுகோபால் பெட்டியோடு வந்தான். மலர்கொடி கதவோரம் நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வேணு, இது பானமே இல்லடா, தவம். இந்தப் புகை நம்மூருப் புகை கெடையாது. இந்த மண்ணுல இப்படி வராது. நல்லாருக்கு. நல்லாருக்கு. நல்லாருக்கு!"

மூன்று தடவை சொன்னேன். வேணு என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மலர்கொடி உள்ளே போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து எங்களுக்கு நடுவில் வைத்தாள். மூடி திறக்கவே இல்லை. பாவாடைக்காரர் நெற்றியில் விபூதி.

"அப்ப நான் குடிச்சது?"

"கம்பு வறுத்தேன், கருகிடுச்சு. கருப்பட்டி போட்டு வெந்நி வைக்கிற வெறகடுப்புல மூடாம காய்ச்சுனேன், புகை புடிச்சிடுச்சு. நொரைக்குக் கோலி சோடா ஊத்துனேன். அவ்ளோதான்."

வேணு சிரித்தான். பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தான்.

"பீருன்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"பாவாடை கட்டிக்கிட்டா மூட்டு சரியாவும்? பீருன்னு சொல்லிருந்தா நானே கறி வறுத்து வச்சிருப்பேங்க. மருந்துன்னீங்க. சரின்னு மருந்து குடுத்தேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேணு ஒரு ஸ்பூனால் மூடியைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினான்.

"அசலைக் குடிச்சிட்டு இப்ப சொல்லுடா. எது நல்லாருக்கு?"

ஒரு வாய் குடித்தேன். இனிப்பு, கசப்பு, அதற்கப்புறம், எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், புகை. சற்று முன் பக்கம் பக்கமாகப் பேசியவனுக்கு இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷம் நான் ருசி பார்த்ததெல்லாம் இதற்கான ஒத்திகை என்று தோன்றியது. டம்ளரில் இன்னும் முக்கால்வாசி இருந்தது.

நிமிர்ந்தேன். மலர்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரத்தனமெல்லாம் அவள் முகத்தைவிட்டுப் போய்விட்டது. பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பெண் மாதிரி நின்றாள். சற்று முன் நான் புகழ்ந்ததில் ஏதாவது அவளுக்கு மிஞ்சுமா என்று காத்திருந்தாள். எனக்குத் துக்கமாக வந்தது. ஒரு வார்த்தைக்காகவா இவள் இத்தனை வருஷம் சமைத்தாள்? உண்மையைச் சொன்னால் என் நாக்கு பிழைக்கும். நாக்கு ஒருநாள் செத்தால் என்ன?

"மலரு, ஒன்னோடதுதான் நல்லாருக்கு."

"நெசமாவா?"

"சத்தியமா."

அவள் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. இரண்டாவது வாய்க்கு டம்ளரைத் தூக்கினேன்.

அவள் அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கி வேணுவிடம் கொடுத்தாள்.

"அப்ப இது ஒங்களுக்கு எதுக்குங்க? அண்ணே, நீங்க குடிச்சிட்டுக் கெளம்புங்க. இவருக்கு உள்ள ஒரு குண்டான் காய்ச்சி வச்சிருக்கேன், அது தீர்ற வரைக்கும் பத்தியம்."