டிகாஷனின் அந்துப்பூச்சிப் பகை

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவையைப் பார்த்துப் பல்லைக் கடித்த ஒரே மனிதர் எங்கள் தெரு டீக்கடைக்காரர்தான். பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. பேச்சில் அவ்வளவு கசப்பு என்பதால் தெருவே அவரை டிகாஷன் என்று கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

டிகாஷன் பிறந்தது வால்பாறையில் ஒரு டீ எஸ்டேட்டில். அவருடைய அம்மா கொழுந்து பறித்தவர். டீச்செடியில் ஒரு அந்துப்பூச்சி முட்டையிடும். அதன் புழு கொழுந்தை நூலால் பின்னிச் சுருட்டி, உள்ளே உட்கார்ந்து தின்னும். அந்த இலை கூடையில் இருந்தால் மேஸ்திரி எல்லார் முன்னாலும் அம்மாவைத் திட்டுவாராம். புழு செய்த குற்றத்துக்கு அம்மா திட்டு வாங்குவது என்ன நியாயம்? இதைச் சொல்லும்போதெல்லாம் டிகாஷன் பாய்லரை ஓங்கித் தட்டுவார். கடை விளக்கைச் சுற்றி எந்தப் பூச்சி பறந்தாலும் துண்டை உதறிக்கொண்டு பாய்வார். நாம் கேட்ட டீ கேட்டபடியே நிற்கும். ஞாபகப்படுத்தினால் நமக்கும் திட்டு.

இப்படிப்பட்டவரிடம் போய் அவர் மகள் செல்வி, போனில் எதையோ படித்துவிட்டு, "அப்பா, பட்டுப்புழு வளர்ந்தா அதுவும் அந்துப்பூச்சிதானாம்பா" என்று சொல்லித் தொலைத்தாள். அதுவும் எப்போது? அவளுடைய முகூர்த்தப் புடவை பக்கத்து வீட்டு ஏகாம்பரத்தின் தறியில் பாதி நெய்தாகியிருக்கும்போது!

மறுநாள் தறிகளுக்கு டீ வரவில்லை. எங்கள் தெருவில் நெசவுக்காரர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். டீ தறிக்கே வந்தாக வேண்டும், அதுதான் வழக்கம். பாதி வேலையில் எழுந்து கடைக்கே வந்துவிட்டார் ஏகாம்பரம்.

"இன்னாபா, டீ எங்க?"

"எங்க செடியத் துன்னவனோட பங்காளிய வச்சிப் பொழைக்கிற உனக்கு என் கையால டீயா?" என்றார் டிகாஷன்.

"யோவ், எங்க புழு மல்பெரி இலையத் துன்னுது. உன் டீச்செடிய அது கண்ணால கூடப் பார்த்ததில்ல!"

"ஒரே குடும்பம்தான? என் பொண்ணு நூல் புடவை கட்டிக்கினு மணையில உட்காரட்டும்."

காஞ்சிபுரத்தில் கல்யாணப் பெண்ணுக்கு நூல் புடவையா! மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? தெருவே கொதித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த தெருவுக்குப் போய் டீ குடித்தேன். கழுநீர்.

ஏகாம்பரம் விடவில்லை. சாயங்காலம் மறுபடியும் வந்தார்.

"உனக்குப் பூச்சி மேலதான கோவம்? நாங்க மட்டும் அதக் கொஞ்சிக்கினா இருக்கோம்? கூட்டுக்குள்ள தூங்கும்போதே, றெக்க மொளைக்கிறதுக்கு முன்ன, வெந்நீர்ல போட்டுத்தான்பா நூலே எடுக்குறாங்க."

எதிரி வெந்துபோன சேதி கேட்டு டிகாஷன் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தோம். அவரோ பாய்லரிலிருந்து வரும் ஆவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெடித்தார்.

"அடப்பாவிங்களா! தூங்குற புள்ளைய எழுப்பக்கூடச் செய்யாம வெந்நீர்லயா போடுவீங்க? இந்தப் பாவத்தையா என் பொண்ணு கட்டிக்கினு உட்காரணும்? புடவை வேணவே வேணாம்!"

எனக்கு வந்ததே கோபம்! காலையில் பூச்சி திருட்டுக் குடும்பம், அதனால் புடவை வேண்டாம். சாயங்காலம் பூச்சி பச்சைப்பிள்ளை, அதனாலும் புடவை வேண்டாம். இந்த மனிதரை என்னதான் செய்வது?

செல்விதான் வீட்டுக்குள்ளேயிருந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பூச்சி மேல உனக்குக் கோவம் இருக்குது, பாசமும் இருக்குது. எல்லாம் சரிப்பா. என் மேல இன்னா இருக்குது?"

டிகாஷன் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தறியில் உட்கார வைத்தார். திரும்பி வந்து ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டு, அவரே தறிக்குக் கொண்டுபோனார். "குடிச்சிட்டு நெய்யிபா. நாள் நெருங்குது," என்றார்.

கல்யாணத்தன்று செல்வி அந்த அரக்குப் பட்டில் வந்து அப்பா காலில் விழுந்தாள். டிகாஷன் அட்சதை போட்டார். அவள் எழுந்து மணைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றவர், என் காதோரம் வந்து, "புடவை எங்க பொண்ணுக்குப் பொருத்தமா இருக்குதுல்லபா?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. இத்தனை வருஷமாக என்னைத் திட்ட மட்டுமே தெரிந்த மனிதர், முதல் தடவையாக என்னிடம் ஒன்றைக் கேட்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.