கேட் வரைக்கும் நேரான முதுகு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ஓர் இனம் உண்டு. ஷிப்ட் முடியும்வரை முதுகைக் கம்பி மாதிரி நேராக வைத்திருந்துவிட்டு, மணி அடித்ததும் ஹெல்மெட்டோடும் பூட்ஸோடும் அந்த முதுகையும் லாக்கரில் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற இனம். பார்த்ததில்லையா? எங்கள் தெரு பூவராகவனைப் பாருங்கள்.

கம்பெனியில் அவர் ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்குகிற அழகே தனி. முதலில் காலால் லேசாகத் தள்ளிக் கனம் பார்ப்பார். காலை அகட்டி நின்று, முட்டியை மடக்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்து, பெற்ற பிள்ளையைத் தூக்குவதுபோல் எழுவார். திரும்புவதென்றால் இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புவார். கனம் கொஞ்சம் கூடினால் போச்சு, இன்னொரு ஆள் வராமல் தொடமாட்டார். பாதுகாப்பு வாரத்தில் இதற்கென்றே எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு வாங்கிய மனிதர். சும்மாவா?

வீட்டில்? ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்! அரிசி மூட்டையோ தண்ணீர் டிரம்மோ, கொக்கு மாதிரி குனிந்து ஒற்றைக் கையால் ஒரே இழுப்பு. யாராவது உதவிக்கு வந்தால் மானம் போய்விடும்.

வேலை பெர்மனென்ட் ஆனால் திருத்தணிக்குக் காவடி எடுப்பதாக அவருக்கு வேண்டுதல். ஆகிவிட்டது. வருகிற ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு படியேறப் போகிறேன், எல்லோரும் வந்து பாருங்கள் என்று புது நோக்கியா போனில் ஆர்.கே.பேட்டை மாமனார் வீட்டில் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. அந்த வாரம் பார்த்துத்தானா கேஸ்காரர் சிலிண்டரை மாடிப்படிக்குக் கீழேயே இறக்கிவிட்டுப் போகவேண்டும்? பக்கத்து வீட்டு வரதன் ஒரு கை பிடிக்க வந்தார். மனைவி சத்யாவும் முட்டியை மடக்கித் தூக்கச் சொன்னார்.

"இது இன்னா கம்பெனியா? ஊடுதானே" என்றார் பூவராகவன்.

குனிந்தார். குனிந்தவர் குனிந்தவர்தான். சிலிண்டரும் அசையவில்லை, அவரும் அசையவில்லை. ஏதோ கீழே விழுந்துவிட்டதாக்கும் என்று வரதனும் கூடக் குனிந்து தேடினார், பாவம். தலையணையைக்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாமி கடனை நிறுத்த முடியுமா? சத்யா காவடி எடுத்தார். மலையடிவாரத்தில், மாமனார் வீட்டு ஜனம் மொத்தமும் சுற்றி நிற்க, இடுப்பில் பெல்ட் கட்டிய பூவராகவன் பாடம் நடத்த ஆரம்பித்தார்: முட்டியை மடக்கு, முதுகை நேராக வை, திருகாதே.

காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சத்யா அமைதியாகத் திரும்பிப் பார்த்தார். "இது இன்னா கம்பெனியா? கோயில்தானே."

சிரித்துக்கொண்டே எல்லோரும் படியேறினார்கள். பூவராகவன் கீழேயே உட்கார்ந்து அத்தனை பேர் செருப்புக்கும் காவல் இருந்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் போன தடவை சிலிண்டர் வந்தபோது, "அப்டியே வெச்சிட்டுப் போப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னது யார்? சொல்லவேண்டாம், விடுங்கள். திருத்தணியில் செருப்புக்குக் காவல் இருக்க இன்னும் நிறைய இடம் இருக்கிறது.