வெடிமருந்துப் பெட்டியும் எங்கள் சங்க வரலாறும்

சாவகச்சேரி,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய கனகசபாபதி அத்தானுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கனடாக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அக்கா சொல்லும் எண்ணெயைப் பூசுங்கள். பூசாவிட்டாலும் பூசியதாகச் சொல்லுங்கள், வீட்டில் அமைதி இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சுண்ணாம்புக்கல் அகழ்வுத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள் அல்லவா? கூட்டக் குறிப்புகள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டதால் ஞாபகத்திலிருந்தே எழுதினேன். எழுபத்தொன்பதாம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம். தலைவரான நீங்கள் லொறிமேல் ஏறி முழங்கினீர்கள், நானூறு பேர் கருவிகளைக் கீழே போட்டார்கள், முன்வரிசையில் நான் நின்றேன். வாசித்துப் பார்க்க எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கல் பொறுக்கும் பெண்களைப் பற்றி நாலு வரி சேர்ப்போம் என்று பஸ் பிடித்து நல்லூருக்குப் போய்க் கமலாவதியைக் கண்டேன். எங்களோடு வேலை செய்தவ, ஞாபகம் இருக்கும். அவ மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் இருந்து அந்த அத்தியாயத்தை உரக்க வாசித்தேன். முடிந்ததும் கையைத் துடைத்துவிட்டுக் கேட்டா:

"தேவராசா, நீர் அண்டைக்கு எங்கை நிண்டனீர்?"

"முன்வரிசையிலை."

"சாப்பாட்டுக் கொட்டிலுக்குள்ளை நித்திரையெல்லோ கொண்டனீர்? நான்தானே தட்டி எழுப்பினனான்."

அத்தான், எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு அவ சொன்னதைக் கேளுங்கள். குடிதண்ணீர்ப் பீப்பாய்க்குள் தவளை செத்துக் கிடந்ததாம். மேற்பார்வையாளரிடம் சொன்னதற்கு, "தவளையை எடுத்தெறிஞ்சிட்டுக் குடியுங்கோ" என்றாராம். இவ போய் வெடிமருந்துப் பெட்டிமேல் ஏறிக் குந்தி இருந்துவிட்டாவாம். "நல்ல தண்ணி வருமட்டும் எழும்பமாட்டன்!" பெட்டி திறக்காமல் வெடி இல்லை, வெடி இல்லாமல் கல் இல்லை, கல் இல்லாமல் நானூறு பேரும் சும்மா நின்றோம். அதைத்தான் நாங்கள் இத்தனை வருடமாக வேலைநிறுத்தம் என்கிறோம். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பின்னேர பஸ்ஸில்தான் வந்து சேர்ந்தீர்களாம்.

நான் நம்பவில்லை. அந்தக் காலத்தில் கல்லுக்கு வெடி வைத்த மார்க்கண்டு அண்ணையிடம் நேரே போனேன். வெடிச்சத்தத்தில் போன காது அவருடையது. படலையடியில் நின்று கத்தினேன்.

"அண்ணை! அண்டைக்கு ஏன் பெட்டியைத் திறக்கேல்லை?"

"எந்தப் பெட்டி?"

"வெடிமருந்துப் பெட்டி!"

ஒழுங்கையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பொலிசுக்குச் சொல்லவா என்றே கேட்டுவிட்டார். அவருக்கு நான் எழுபத்தொன்பதாம் ஆண்டு முழுவதையும் விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. மார்க்கண்டு அண்ணை அதற்குப் பிறகுதான் ஆறுதலாகப் பதில் சொன்னார்:

"டேய் தம்பி, அதுக்கு மேலை கமலாவதியெல்லோ இருந்தவ! எழும்பு பிள்ளை எண்டு கேட்டனான். பார்த்த பார்வையிலை நானும் பக்கத்திலை இருந்திட்டன்."

வேறு வழியில்லை, அத்தான். மூன்று நாள் இருந்து பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்து ஐந்து பக்கமாக எழுதினேன். என் முன்வரிசை போய்விட்டது. உங்கள் முழக்கம் பின்னேரத்துக்குப் போய்விட்டது. வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள் தண்ணீர் பவுசர் லொறி வந்ததும், அடுத்த மாதம் குழாய்க்கிணறு தோண்டியதும் அப்படியே இருக்கின்றன. கமலாவதியிடம் மறுபடி வாசித்துக் காட்டினேன். "என்ரை பேரை அச்சிலை பார்க்கலாமோ?" என்று மட்டும் கேட்டா. சத்தியமாகச் சொல்கிறேன், நித்திரை கொண்டவன் என்று எழுதிய பிறகுதான் எனக்கு நிம்மதியான நித்திரை வருகிறது.

ஆனாலும் தலைவர் நீங்கள். நீங்கள் ஓம் என்றால் மட்டுமே அச்சுக்குக் கொடுப்பேன். கோபிக்க வேண்டாம். உங்கள் பேச்சில் ஒரு சொல்லையும் நான் குறைக்கவில்லை. அதுவாவது முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும்.

அக்காவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நல்லூரான் துணை.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
தேவராசா

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகையில் மகள் தனுஷா பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். அந்த ஐந்து பக்கத்தையும் போன வியாழக்கிழமையே வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பினாளாம். நீங்கள் உடனே பதிலும் போட்டீர்களாம். இப்போதுதான் காட்டுகிறாள்: "எல்லாம் சரி பிள்ளை. ஒண்டை மட்டும் திருத்தச் சொல்லு. லொறியிலை ஏறினாப் பிறகு எனக்கு ஒரு சொல்லும் வரேல்லை. பெட்டியிலை இருந்தபடி கமலாவதி சொல்லச் சொல்லத்தான் நான் கத்தினனான்."