எட்டாத விசை

டெஸ்ஸாவின் விரல் விசையை எட்டவில்லை.

ரைஃபிளின் பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்துக் கையை நீட்டினால், ஆள்காட்டி விரல் தானாகப் போய் விசைமேல் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அந்த ரைஃபிள் அந்தப் பிள்ளைக்குப் பொருத்தம். டெஸ்ஸாவின் விரல் காற்றில் துழாவியது.

"இன்னும் கொஞ்சம் நீட்டேன்" என்றான் நைஜல்.

"இதுக்கு மேல நீட்டக் கை இல்லப்பா."

நாளை ஞாயிற்றுக்கிழமை. நைஜலின் மாமனார் மர்டோ வருகிறார்.

நைஜலின் மனைவி ஷோனா இறந்ததிலிருந்து மர்டோவுக்கு ஒரே பேச்சுதான். பேத்தி பண்ணைக்கு வந்துவிட வேண்டும். ஆக்லாந்து நகரத்தில் பிறந்து, பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுக்கிறவன் கையில் பிள்ளை எப்படி உருப்படும்? போன மாதம் கம்பளிக் கொட்டகையில் நிறுத்தி வைத்துச் சொல்லியும் விட்டார்.

"இங்க முயல் தின்னது போகத்தான் ஆட்டுக்குப் புல்லு. இவ வயசுல எல்லாப் பிள்ளைங்களும் பாயிண்ட் டூ டூ ரைஃபிள் புடிச்சாச்சு. இவளுக்கு அளவா ஒண்ணு நீயே பாத்து வாங்கு. அதுகூடத் தெரியலைன்னா இவ பையைக் கட்டி வை. நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

நைஜலிடம் துப்பாக்கி உரிமம் இருந்தது. ஷோனா வற்புறுத்தி எடுக்க வைத்தது. அதை வைத்துக்கொண்டு அவன் ஒரு தகர டப்பாவைக்கூடச் சுட்டதில்லை.

அவன் துப்பாக்கிக் கடைக்குப் போனபோது கடைக்காரி நோலின் முதலில் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளைக் காட்டினாள். அவன் பின்வாங்கினான். தொலைநோக்கி வைத்த புதியது ஒன்றைக் காட்டினாள். அதைத் தூக்கியதும் அவனுக்கே தோள் இறங்கியது.

நோலின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கறுப்பு பெயின்ட் அப்பிய பழைய ரைஃபிள் ஒன்றை எடுத்து வந்தாள்.

"ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். நீ போட்டாத்தான் சுடும். பயந்தவங்களுக்கு ஏத்தது."

"பொண்ணு பயப்பட மாட்டா அக்கா."

"பொண்ணைச் சொல்லல."

"யாரு வித்தாங்க?"

"பேரைச் சொல்லாதன்னாங்க. பொண்ணைக் கூட்டிட்டு வா, அளவு பாத்துட்டு எடு."

அவன் கூட்டிப்போகவில்லை. டெஸ்ஸா துப்பாக்கியைத் தோளில் வைத்தால் தலையை எப்படிச் சாய்ப்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஷோனா அப்படித்தான் சாய்ப்பாள். கடையில் நாலு பேர் நடுவே அதைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. டெஸ்ஸாவின் ஹாக்கி மட்டையை எடுத்துப்போய் ரைஃபிளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. வாங்கிவிட்டான்.

இப்போது விரல் எட்டவில்லை. நோலின் கடை இனித் திங்கட்கிழமைதான் திறக்கும்.

"பின்கட்டையை அறுத்துடலாம்" என்றான்.

"அப்பா, போன தடவை அறுத்தது கோழிக்கூட்டுக் கதவு. ஞாபகம் இருக்கா?"

அது இல்லாவிட்டால் துப்பாக்கி சுடாது என்று போல்ட்டை ஏற்கெனவே கழற்றி இரும்புப் பெட்டியில் பூட்டியிருந்தான். இருந்தும் குழாய்க்கு நேராக நிற்காமல், ஒருக்களித்து நின்றே அறுத்தான். வெட்டு கோணலாக விழுந்தது. நேராக்க இந்தப் பக்கம் கொஞ்சம் அறுத்தான். அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டது. அதையும் அறுத்தான். கடைசியில் டெஸ்ஸா தோளில் வைத்துப் பார்த்தபோது அவள் கட்டைவிரல் அவள் மூக்கிலேயே இடித்தது.

"இப்ப ரொம்ப நல்லா எட்டுதுப்பா. மூக்கு வரைக்கும் எட்டுது."

அவன் வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டான். தடயம் இருக்கக்கூடாது. அவை எரிந்து முடிந்த பிறகுதான் நோலின் வீட்டுக்கு போன் செய்யத் தோன்றியது.

"அறுக்கறதா? தாராளமா அறு. இங்க எல்லாரும் செய்யறதுதான்" என்றாள் நோலின். "ஆனா துண்டைப் பத்திரமா வச்சுக்கோ. பிள்ளை வளர வளர அதைத் திரும்ப வச்சுத் திருகணும். அதை எறியறவன் மடையன்."

நைஜல் அடுப்பைப் பார்த்தான்.

"ஹலோ? நைஜல்?"

"நன்றி அக்கா."

ஒட்டுவதற்கு மரம் வேண்டும். சமையலறை முக்காலியின் கால் ஒன்று அளவாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு முக்காலியைப் பாட்டுப் புத்தகங்களால் முட்டுக்கொடுத்தான். ஒட்டு சமமாக இருக்க, உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்தான். கறுப்புக்கு அடியில் வெளிறிய மரம் வந்தது. அதில் அழகாகச் செதுக்கிய கோதுமைக்கதிர் ஒன்றின் பாதி தெரிந்தது. பாதிதான். மீதியை அவன் அறுத்து எரித்துவிட்டிருந்தான்.

"டெஸ்ஸா, இது ஏதோ பெரிய கைவேலைக்காரன் செஞ்சது போலிருக்கே."

"அப்ப அதை நீ கொன்னுட்டேப்பா."

கதிர்மேல் ஷூ பாலிஷை அப்பினான். ஒட்டின்மேலும் அப்பினான். காயட்டும் என்று அடுப்பருகே வைத்தான். அது காய்வதற்குப் பதில் இளகியது. வீடு முழுக்கப் பள்ளிக்கூட முதல் நாள் வாசனை அடித்தது.

அன்றிரவு டெஸ்ஸா தன் பையை எடுத்துக் கட்டிலடியில் ஒளித்தாள்.

"பை காணாமப் போச்சுன்னு சொல்லிடுப்பா" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் புல்வெளியில் உறைபனி கரையுமுன்பே மர்டோவின் வண்டி வந்துவிட்டது. கூடவே ஷோனாவின் அண்ணன் கல்லம். அவன் நேராகச் சமையலறைக்குப் போய்ச் சீஸ் ரோல் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"மச்சான், வீட்டுக்குள்ள ஷூவா வறுக்குற?"

மர்டோ உட்கார முக்காலியை நோக்கி நகர்ந்தார்.

"மாமா, உக்காராதீங்க!"

"ஏன்?"

"நின்னு பாத்தாத்தான்... அளவு தெரியும்."

மர்டோ அவனை முறைத்தார். ரைஃபிளை வாங்கினார். அறையில் அவன் இருப்பதையே மறந்தவர்போல, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்த்தார். டெஸ்ஸாவின் முழங்கை மடிப்பில் பின்கட்டையை வைத்தார். அவள் விரல் விசைமேல் போய்ச் சரியாக உட்கார்ந்தது. தோளுக்கு ஏற்றச் சொன்னார். அவள் தலையைச் சாய்த்தாள்.

நைஜல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அளவு சரிதான்" என்றார் மர்டோ.

அப்போதுதான் மர்டோ தன் உள்ளங்கையைப் பார்த்தார். கறுப்பாக இருந்தது.

"இதை யாரு தொட்டது?"

நைஜலுக்கு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"நான்தான் மாமா. நீளமா இருந்தது, அறுத்தேன். அதிகமா அறுத்துட்டேன். துண்டை எரிச்சுட்டேன். முக்காலிக் காலை ஒட்டினேன்."

மர்டோவின் கழுத்து சிவந்தது.

"நல்ல துப்பாக்கியை நாசம் பண்ணிட்டு, மறைக்கப் பாலிஷ் வேற! ஒரு மரக்கட்டையை ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்லாதவன் ஒரு பிள்ளையை எப்படி வச்சுக்குவான்? டெஸ்ஸா, பையை எடு."

டெஸ்ஸா அசையவில்லை. நைஜல் அவள் தோளைப் பிடித்திருந்தான். பிடித்திருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

மர்டோ கைக்குட்டையை எடுத்துப் பின்கட்டையை அழுத்தித் துடைத்தார். பாலிஷ் போயிற்று. அவர் கை அப்படியே நின்றது. ரைஃபிளைத் திருப்பி, விசைக்கு மேலிருந்த பழைய கீறலைத் தடவினார். குரல் இறங்கிவிட்டது.

"இதை எங்க வாங்கின?"

"நோலின் கடையில."

"வித்தது நான்தான். ஷோனா சின்னதுல வச்சிருந்தது. அவ கைக்கு அளவா பின்கட்டையை நானே செஞ்சேன், கறுப்பு பெயின்ட் அடிச்ச அன்னிக்கே இந்தக் கீறலைப் போட்டுட்டா. அவ போனப்புறம் இதை வீட்ல வச்சுப் பாக்க முடியல."

தன் மனைவியின் துப்பாக்கியையா அறுத்தான்? இனி மன்னிப்பே கிடையாது.

ஆனால் மர்டோ கட்டைவிரலால் எதையோ அவசரமாக மூடிக்கொண்டிருந்தார்.

"சரி சரி" என்றார், யாரையும் பார்க்காமல். "பையெல்லாம் ஒண்ணும் வேணாம். அவ இங்கயே இருக்கட்டும். கல்லம், வண்டியை எடு."

கல்லம் எடுக்கவில்லை. சீஸ் ரோலை வாயில் கவ்வியபடி குனிந்து, அப்பாவின் கட்டைவிரலை விலக்கினான். பாதிக் கோதுமைக்கதிரை உற்றுப் பார்த்தான். பிறகு ரோலைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்:

"ஏம்ப்பா, இது அம்மாவோட ரொட்டி வெட்டற பலகைதானே? இதைத் தொலைச்சேன்னு சொல்லித்தானே அன்னிக்கு என் தோலை உரிச்சீங்க?"